தெக்ஸியாஸின் ஆண்டு

அல்கியா.
திராட்சை மிதித்து முடித்த மறுநாள்.
ஆண்டு: தெக்ஸியாஸ். (சிரிக்காதே. கீழே சொல்கிறேன்.)

பிலின்னா, உன் அப்பன் எழுதுகிறேன். உடம்பு சுகம்தானே?

முதலில் நான் ஊர் நடுவே அசிங்கப்பட்ட கதையைச் சொல்லிவிடுகிறேன். எப்படியும் உப்பு வியாபாரி உன்னிடம் சொல்லாமல் விடமாட்டான், அவன் சொன்னால் இரண்டு மடங்காகிவிடும். நேற்றுச் சந்தைத் திடலில் ஆண்டுத் தலைவருக்குக் குலுக்கல். ஒரு பானையில் பெயர்கள், இன்னொரு பானையில் அவரை விதைகள். யார் பெயரோடு வெள்ளை விதை வருகிறதோ, வருஷம் முழுக்க அவர்தான் சபைக்குத் தலைவர். வழக்கம்போல நான் பின்னால் தூணில் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டேன். திடீரென்று அறிவிப்பாளன், "தோல்காரர் தெக்ஸியாஸ்!" என்று கத்தினான். என் தோல் ஊறும் தொட்டிகள் நாறுகின்றன என்று தெருவே புகார் கொடுத்திருக்கிறதல்லவா, அதற்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டேன். துள்ளி எழுந்து, "நாளைக்கே தொட்டிய மதிலுக்கு வெளிய மாத்திடறேன்யா, இந்த ஒரு தடவ விட்டுடுங்க!" என்று கெஞ்சினேன்.

ஊரே சிரித்தது. சிரித்து ஓய்ந்த பிறகு என் தலையில் இலைமாலையை வைத்தார்கள்.

ஆக, இந்த வருஷம் என் பெயரில் ஓடுகிறது. எவன் நிலம் விற்றாலும், எவன் பெண் கொடுத்தாலும், "தெக்ஸியாஸின் ஆண்டில்" என்றுதான் எழுத வேண்டும். நாலு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த என் பெயரில்! உன் அம்மா, "அப்ப இந்த வருஷம் பொறக்கற குட்டியெல்லாம் நாத்தத்தோடதான் பொறக்கும்" என்கிறாள்.

உன் கல்யாணத்தன்று குடித்துவிட்டு, மாப்பிள்ளையின் தாத்தாவை ஆட்டுக்கடா திருடன் என்று நான் சொன்னது தப்புத்தான். கடா திருடியது உண்மை. சொன்ன இடம் தப்பு. அதற்காக ஒரு வருஷத்துக்கு மேலா பேசாமல் இருப்பாய்?

வேறு செய்தி: சாயக் கரை வைத்த மேலாடை போட்ட இரண்டு தூதர்கள் வந்தார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் உள்ள சின்ன ஊர்களெல்லாம் ஒன்றுசேர்ந்து ஆற்றங்கரையில் ஒரு பெருநகர் கட்டப் போகின்றனவாம். தனித்தனி ஊராக இருந்தால் ஸ்பார்ட்டாக்காரன் ஒவ்வொன்றாகத் தின்றுவிடுவானாம். வீட்டைக் காலி செய்துகொண்டு, தெய்வங்களைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்துவிட வேண்டுமாம். அதன் பிறகு அல்கியா சபை கிடையாது, அல்கியாவின் ஆண்டும் கிடையாது. எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. உன் மெத்திராவையே வென்று ஆண்ட ஊர் இது! ஒரு பிற்பகல்தான் ஆண்டோம், சாயங்காலமே துரத்திவிட்டார்கள், அது வேறு விஷயம்.

உப்பு வியாபாரி இன்னொன்றும் சொன்னான். நீ முழுகாமல் இருக்கிறாயாமே. அதை நீயே எழுதியிருக்கலாம்.

அப்பன்.


மெத்திரா.
விதைப்புத் தொடங்கிய வாரம்.
ஆண்டு: இங்கே பொலிதாஸ். உங்கள் ஆண்டை இந்த ஊரில் போட்டால் உதைப்பார்கள்.

அப்பாவுக்கு, பிலின்னா.

மன்னிப்புக் கேட்கும்போதுகூடக் கடாவை விடமாட்டீர்களா? அவருக்குப் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். "தாத்தா மூணு கடா திருடினாரு. உங்கப்பாவுக்கு ஒண்ணுதான் தெரியும்போல" என்றார். அதனால் சண்டை முடிந்தது என்று வைத்துக்கொள்வோம்.

ஆமாம், முழுகாமல் இருக்கிறேன். வசந்தத்தில் பிறக்கும். எழுதாததற்குக் கோபம் மட்டும் காரணம் இல்லை அப்பா. எழுதினால் நீங்கள் சந்தோஷப்படுவீர்கள், அந்தச் சந்தோஷத்துக்குப் பின்னால் இருப்பதையும் சொல்ல வேண்டியிருக்கும் என்றுதான் தள்ளிப்போட்டேன்.

சமாதான வருஷத்தில் எனக்குக் கல்யாணம் செய்து வைத்தீர்கள். மறுமாதமே இரண்டு ஊரும் மேட்டுப் புல்வெளிக்காக மறுபடி அடித்துக்கொண்டன. அந்தச் சூட்டில் இந்த ஊர்ச் சபை ஒரு சட்டம் போட்டது. தாய் வெளியூர்க்காரி என்றால் பிள்ளை மெத்திராவின் குடிமகன் இல்லை. அப்பன் நிலம் அவனுக்குப் போகாது. சபையில் வாய் திறக்க முடியாது. திருவிழாவில் பலி இறைச்சியைப் பங்கு போடும்போது வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். அல்கியாவிலும் சேர்த்துக்கொள்ள மாட்டீர்கள், ஏனென்றால் தகப்பன் மெத்திராக்காரன். என் வயிற்றில் இருப்பதற்கு ஊரே இல்லை அப்பா.

நீங்கள் சிரித்தீர்களே, அந்தப் பெருநகர்தான் ஒரே வழி. அதில் சேரும் ஊர்க்காரர்கள் எல்லோரையும் புதிதாகப் பதிகிறார்கள். சேர்ந்த ஊர்களுக்குள் நடந்த கல்யாணமெல்லாம் செல்லும். மெத்திரா போன மாதமே சரியென்று கைதூக்கிவிட்டது. அல்கியாவும் வந்தால் என் பிள்ளை குடிமகன். அல்கியா வராவிட்டால் நான் அங்கேயும் வெளியூர்க்காரிதான். பனி உருகும்போது பதிவை மூடிவிடுவார்கள்.

சபையில் முதலில் பேசுகிறவர் தலைவர்தானே? எத்தனையோ பேர் ஆசைப்பட்டும் கிடைக்காத இடம், தூங்கிக்கொண்டிருந்த உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. ஒருமுறை, வேடிக்கை இல்லாமல், பேசுங்கள்.

பிலின்னா.


அல்கியா.
முதல் பனி விழுந்து இரண்டு நாள்.
ஆண்டு: இன்னும் என்னுடையதுதான்.

கண்ணு பிலின்னா,

உன் கடிதத்தை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் எழுந்துபோய் மாவு திரிக்க ஆரம்பித்துவிட்டாள். மாவு நிறைய இருக்கும்போதே.

இங்கே ஊர் ஒரு நிலையில் இல்லை. ஊரை விட்டு நகரவே கூடாது என்கிற கல்லிப்போஸ், காலையில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு மதிலைப் பூசுகிறான். சாயங்காலம் அதே ஆட்களில் பாதிப்பேர் வீட்டுக் கதவைக் கழற்றி வண்டி அளவுக்குச் சரியாக இருக்கிறதா என்று வைத்துப் பார்க்கிறார்கள். மறுநாள் திரும்ப மாட்டுகிறார்கள். ஒரு வீட்டில் அத்திக்கன்று வைக்கிறார்கள், பக்கத்து வீட்டில் அத்திமரத்தை வெட்டி விறகாக்குகிறார்கள். நாய்கள்கூட எந்த வாசலில் படுப்பது என்று தெரியாமல் அலைகின்றன. உப்பு வியாபாரி தான் போய்வந்த ஊர்களின் கதையைச் சொல்லி எல்லோரையும் பயமுறுத்துகிறான். ஒரு காலத்தில் கப்பலும் காசும் வைத்திருந்த ஊராம், இன்றைக்குக் கோயில் முற்றத்தில் பன்றி அடைக்கிறார்களாம். நாமும் ஒரு தடவை காசு அடித்தோம் என்று சொன்னேன். அதில் இருந்த வெள்ளாடு நாய் மாதிரி இருந்ததால் சந்தையில் எவனும் வாங்கவில்லை என்பதைச் சொல்லவில்லை.

சரி, சுற்றி வளைக்கிறேன். சபை கூடியது.

பேசலாம் என்றுதான் போனேன். தலைவர் கல்லில் ஏறி நின்றேன். எதிரே சபைச் சுவர். அதில் இதுவரை வந்த ஆண்டுத் தலைவர்கள் எல்லோருடைய பெயரும் வெட்டியிருக்கிறது. கடைசியில் என் பெயர், கல்தூசிகூட உதிரவில்லை. அதற்குக் கீழே சுவர் வெறுமையாகக் கிடக்கிறது. நான் வாயைத் திறந்தால் அது அப்படியே வெறுமையாகக் கிடக்கும். மேலிருந்து ஒவ்வொரு பெயராகக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தேன்.

அப்போது கல்லிப்போஸ் எழுந்து, "துளி! துளி விழுந்துச்சு!" என்றான்.

உனக்குத் தெரியாததா? சபை நடக்கும்போது வானத்திலிருந்து ஒரு துளி விழுந்தாலும் ஜீயஸ் வேண்டாம் என்கிறார் என்று பொருள். கூட்டத்தைக் கலைத்தாக வேண்டும், அடுத்த முழுநிலா வரை அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. விழுந்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது தலைவர்.

"எங்கய்யா விழுந்துச்சு? வெயில் அடிக்குது!" என்றார்கள் சிலர்.

"அவரு மொட்டத் தலைய பாருங்கய்யா, மினுமினுக்குது!" என்றான் கல்லிப்போஸ்.

நான் தலையைத் தடவினேன். ஈரமாகத்தான் இருந்தது. "விழுந்த மாதிரிதான் இருக்கு" என்று சொல்லிவிட்டேன். கூட்டம் கலைந்தது.

முழுநிலா எங்கே ஓடிப்போகிறது? வந்துவிடும். நீ உடம்பைப் பார்த்துக்கொள். சுட்டுத் தின்னக் கஷ்கொட்டை ஒரு தோல்பை நிறைய அனுப்பியிருக்கிறேன். பை புதிது, நாறாது.

அப்பன்.


மெத்திரா.
ஆலிவ் உலுக்கும் நாட்கள்.
ஆண்டு: பொலிதாஸ்.

அப்பாவுக்கு,

அன்றைக்கு உப்பு வியாபாரி உங்கள் திடலிலேயே மூட்டைகளைத் திறந்து பரப்பி வைத்திருந்தானாம். மழைத்துளி விழுந்தால் உலகத்தில் முதலில் அலறுகிறவன் உப்பு வியாபாரி. அவன் உட்கார்ந்து வெங்காயம் தின்றுகொண்டிருந்திருக்கிறான்.

அது உங்கள் வியர்வை.

உங்களுக்கு என்ன பயம் என்று எனக்குத் தெரியும். சுவரில் கடைசிப் பெயராக இருக்க வேண்டுமே என்பதுதான். தோல்காரன் தலைவனானான், ஊர் முடிந்துபோயிற்று என்று சொல்வார்களே என்பதுதான். அது சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை. அந்த ஊரில்தான் நானும் பிறந்தேன். மதிலின் எந்தக் கல்லில் பல்லி இருக்கும் என்றுகூடத் தெரியும்.

ஆனால் இங்கே நடப்பதையும் கேளுங்கள். நேற்று அவருடைய அண்ணன்மார் வந்தார்கள். நான் உள்ளே இருக்கிறேன் என்று தெரிந்தே சத்தமாகப் பேசினார்கள்.

"தம்பி, அந்த ஊரு வர்ற மாதிரி தெரியல. பதிவு மூடறதுக்குள்ள இவள அவங்கப்பன் வீட்டுக்கு அனுப்பிட்டு நம்மூர்ப் பொண்ணு ஒண்ணப் பாரு. இல்லன்னா பெருநகர்ல உனக்குக் குடுக்கற நிலம் உன்னோட போயிடும்."

"அவ வயித்துல இருக்கறது?" என்றார் இவர்.

"அது அவங்க ஊருப் பிரச்சன."

அவர் கையில் இருந்த கஞ்சிச் சட்டியைச் சுவரில் அடித்தார். அண்ணன்மார் போய்விட்டார்கள். பிறகு அவரே சிதறலைப் பொறுக்கினார். பொறுக்கும்போது என்னைப் பார்க்கவில்லை அப்பா. அதுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்கிறது. இன்றைக்குச் சட்டியை உடைக்கிற மனிதர் இன்னும் எத்தனை நாள் உடைப்பார்?

இனி எனக்குக் கடிதம் வேண்டாம். கஷ்கொட்டையும் வேண்டாம். பேசிவிட்டு எழுதுங்கள்.

பிலின்னா.


மெத்திரா.
பனி உருகி ஓடைகள் சத்தம் போடும் நாள்.
ஆண்டை விட்டுவிடுகிறேன், எதைப் போடுவது என்று தெரியவில்லை.

அப்பா!

நேற்றுத் தூதன் தெருவில் கத்திக்கொண்டே ஓடினான்: "அல்கியாவும் வருது! அல்கியாவும் வருது!" நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அந்த மாவில் உப்பே போட வேண்டியிருக்கவில்லை, அவ்வளவு அழுதேன். அவர் ஓடிப்போய் எங்கள் இருவர் பெயரையும் பதியச் சொல்லிவிட்டு வந்தார். அண்ணன்மார் ஒரு முழுப் பாலாடைக்கட்டியோடு வந்து, எதுவுமே சொல்லாதவர்கள் போல உட்கார்ந்து, அதில் பாதியைத் தாங்களே தின்றுவிட்டுப் போனார்கள்.

ஆனால் இன்று காலை வேறு பேச்சு. கல்லிப்போஸ் பதிவாளர்களிடம் போயிருக்கிறாராம். உங்கள் ஊரில் கைகளை எண்ணி முடிப்பதற்குள் மழை வந்துவிட்டது, அதனால் அந்தத் தீர்மானம் செல்லாது என்று முறையிட்டிருக்கிறாராம். அல்கியாக்காரர்கள் எல்லோருடைய பெயரையும் எழுதாமல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். என் பெயரையும்தான்.

நான் எழுந்து நிற்கவே முடியாத அளவுக்குக் கனத்துவிட்டேன். எந்த நாளும் பிறக்கலாம். ஐந்தாம் நாள் அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுப்பைச் சுற்றி ஓட வேண்டும். இது நம் வீட்டுப் பிள்ளை என்று சொல்ல வேண்டும். வீடு சரி. ஊர்?

மழை எப்போது வந்தது அப்பா? எனக்கு மட்டுமாவது உண்மையைச் சொல்லுங்கள்.

பிலின்னா.


அல்கியா.
வண்டி கட்டும் நாளுக்கு முன்தினம்.
ஆண்டு: தெக்ஸியாஸ். கடைசித் தடவையாக எழுதிக்கொள்கிறேன்.

பிலின்னா,

முதலில் இதைப் படி: பிரச்சினை தீர்ந்தது. பதிவாளர்கள் நேற்று இங்கே வந்து, விசாரித்து, திருப்தியாகித் திரும்பிவிட்டார்கள். இந்தக் கடிதம் வருவதற்குள் உன் பெயரை எழுதியிருப்பார்கள். இனி மூச்சு விட்டுக்கொண்டு படி.

பனியைச் சாக்குச் சொல்லி முழுநிலாக்களைத் தள்ளிப்போட்டுக் கடைசியில் கூட்டிய சபைக்கு நான் மூன்று காரணங்களை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். மதில், தானியம், ஸ்பார்ட்டா. ஒரு வாரமாகத் தொட்டிக்குள் இருக்கும் தோல்களிடம் பேசிப் பழகினேன். உன் அம்மா வெளியே நின்று, "அந்தத் தோலுங்க ஒத்துக்கிச்சா?" என்று கேட்பாள். கல்லில் ஏறினதும் மூன்றும் மறந்துபோயின. மேகம் வேறு கட்டியிருந்தது. கல்லிப்போஸ் கழுத்து வலிக்க அண்ணாந்தபடி உட்கார்ந்திருந்தான்.

கடைசியில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"எங்கிட்ட மூணு காரணம் இருந்துச்சுய்யா, மறந்துபோச்சு. நாலாவதா ஒண்ணு இருக்கு, அது என் பொண்ணு வயித்துல இருக்கு. நாமளும் மெத்திராக்காரனும் அடிச்சுக்கிட்ட புல்வெளியில இன்னிக்கு வரைக்கும் ஆடு மட்டும்தான் வயிறு நெறஞ்சுது. அந்தப் புள்ள வளந்து, நீ எந்த ஊருன்னு எவனாவது கேட்டா, பதில் சொல்ல அதுக்கு ஒரு ஊரு வேணும். இந்த வருஷம் என் பேர்ல ஓடுது. எனக்கு மட்டும் இதோட நிறுத்தணும்னு ஆசையா? ஆனா நிறுத்தத்தான் சொல்றேன். கையத் தூக்குங்க."

முதலில் கொல்லன் தூக்கினான். அவன் மகளும் மெத்திராவில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள், உனக்குத் தெரியுமே. பிறகு இங்கே ஒன்று, அங்கே ஒன்று. எங்கள் தெருவில் என் தொட்டியைப் பற்றிப் புகார் கொடுத்தவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் தூக்கினார்கள். பெருநகரில் வீடு தள்ளி அமையும் என்ற நம்பிக்கையோ என்னவோ. நான் வரிசை வரிசையாக எண்ணினேன். சந்தேகமே இல்லாத அளவுக்குக் கைகள் இருந்தன. முடிவைச் சொன்னேன். சொல்லி வாயை மூடுவதற்குள் கொட்டியது பார் மழை! கிழவர்கள் மேலாடையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். உப்பு வியாபாரி மூட்டைமேல் குப்புறப் படுத்துக்கொண்டு எல்லாத் தெய்வங்களையும் திட்டினான்.

நேற்றுப் பதிவாளர்கள் அதே திடலில் எல்லோரையும் கூட்டி, "எண்ணி முடிக்கறதுக்கு முன்னால யார் மேலயாவது துளி விழுந்துச்சா?" என்று கேட்டார்கள்.

எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள். கல்லிப்போஸைக் கேட்டார்கள்.

"எம்மேல விழல. ஆனா மேகம் இருந்துச்சு."

"மேகம் கணக்குல வராது" என்றார் பதிவாளர். என் பக்கம் திரும்பி, "தலைவரே, நீங்க?" என்றார்.

"எண்ணி முடிக்கிற வரைக்கும் யாரும் மழைன்னு வாயத் திறக்கலீங்க" என்றேன். தலையாட்டிவிட்டு, எழுதிக்கொண்டிருந்த மெழுகுப் பலகையை மூடினார்.

அவர்கள் போன பிறகு கல்லிப்போஸைத் தேடிப் போனேன். மதிலடியில் உட்கார்ந்து பூச்சை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். 

"குளிர் பூரா பூசினேன்யா" என்றான். "நல்லாத்தான பூசியிருக்கேன்?"

"நல்லாத்தான் பூசியிருக்க."

"ஏன்யா, இத்தன பெரிய ஊரு கட்றாங்களே, அது மட்டும் நிக்குமா?"

"தெரியாது. நம்ம பேரப்புள்ளைங்க காலம் வரைக்கும் நின்னா போதும்."

"எனக்குப் பேரப்புள்ள இல்லய்யா" என்றான். அவன் பையன் புல்வெளிச் சண்டையில் போனவன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவன் சாமான்களை எங்கள் வண்டியிலேயே ஏற்றச் சொல்லியிருக்கிறேன். கொஞ்சம்தான் இருக்கிறது. உன் அம்மா அவன் சட்டி பானைகளுக்கு வைக்கோல் சுற்றிக்கொண்டிருக்கிறாள்.

நாளை கிளம்புகிறோம். பிள்ளை அதற்குள் பிறந்துவிட்டால் எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம், ஐந்தாம் நாளில் மாப்பிள்ளையை ஓடச் சொல். நான் அங்கே வந்ததும் இன்னொரு தடவை ஓடிக்கொள்கிறேன், மூச்சு வாங்கினாலும்.

இதற்குக் கீழே எழுதுவதைப் படித்ததும், இந்தக் கடிதம் எழுதிய தோலை அடுப்பில் போட்டுவிடு. மாப்பிள்ளைக்கும் வேண்டாம். உன் அம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை. நீ கேட்டாய் என்பதற்காக.

கடைசி வரிசையை எண்ணிக்கொண்டிருந்தேன். கைகள் எல்லாம் மேலே. எல்லோர் கண்ணும் கைகள் மேல். அப்போது என் மேலுதட்டில் ஏதோ சில்லென்று பட்டது. வியர்வையாகத்தான் இருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டு, எண்ணுவதை நிறுத்தாமல், நாக்கை நீட்டி அதை நக்கிவிட்டேன்.

உப்புக் கரிக்கவில்லை, பிலின்னா.